கீழே படுத்துப் பார்த்த விலை

புது லாரி விற்கும் அந்த நிறுவனத்தின் பின்பக்கத்தில், வண்டி கழுவும் மேடைக்கும் டயர் கிடங்குக்கும் நடுவே, ஒரு திடல் இருந்தது. புது வண்டி வாங்க வருகிறவர்கள் தங்கள் பழைய வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்துவார்கள். அதற்கு ஒரு விலை போட்டு, புது வண்டியின் விலையில் கழித்துக்கொள்வார்கள். அந்த விலையைப் போடுகிறவள் அவள். வயது முப்பத்தொன்பது. திடலில் அவளுக்கு வைத்த பெயர் சுத்தியல். நேரில் பார்த்தால் சுத்தியல் அக்கா. முதுகு திரும்பினால் வெறும் சுத்தியல். அது அவளுக்கும் தெரியும். "ஸ்பானர்னு வைக்காம விட்டானுங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்பாள்.

மற்ற இடங்களில் மதிப்புப் போடுகிறவர்கள் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி வருவார்கள். ஒரு டயரை உதைப்பார்கள். கைப்பேசியில் நாலு படம் எடுத்து, வண்டியின் வயதையும் ஓடிய தூரத்தையும் தட்டினால் திரையில் ஒரு எண் வரும். அதுதான் விலை. அவள் வேலை அப்படி இல்லை. ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரிப்பாள். முடியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்துவிடுவாள். லாரிக்கு முதுகெலும்பு அதன் சேசிஸ்தான். முன்னாலிருந்து பின்னால்வரை ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்கள்; எஞ்சின், கேபின், சுமை எல்லாம் அவற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அந்தச் சட்டங்களை சாண் சாணாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவாள். நல்ல இரும்பு கணீரென்று பதில் சொல்லும். துரு தின்ற இரும்பு தொண்டை கட்டியவன் மாதிரி பேசும். இப்படி ஒரு வண்டிக்கு ஒன்றரை மணி நேரம். விற்பனைப் பிரிவில் இருப்பவர்களுக்கு இதனால் வயிற்றெரிச்சல். வந்த ஆள் இரண்டு டீ குடித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்று முணுமுணுப்பார்கள். அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

பத்தாவதோடு படிப்பு நின்றவள். பதிவுப் பத்திரம் எழுதத்தான் அங்கே சேர்ந்தாள். வாங்கிய பழைய வண்டிகளை நிறுவனம் மாதம் ஒருமுறை ஏலத்தில் விற்கும். சேர்ந்த இரண்டாம் மாதத்திலிருந்து, யாரும் போகச் சொல்லாமலே, விடுமுறை நாளில் அந்த ஏலத்துக்குப் போய் மூலையில் நிற்பாள். எந்த வண்டிக்கு எவ்வளவு மதிப்புப் போட்டார்கள், ஏலத்தில் எவ்வளவுக்குப் போனது, வித்தியாசம் ஏன் வந்தது என்று எழுதி வைத்துக்கொள்வாள். ஏன் என்பது தெரியாவிட்டால் வாங்கினவரிடமே போய்க் கேட்பாள். நாலு வருஷம் இப்படி ஓடியது. அப்போதிருந்த மதிப்பீட்டாளர் வேலையை விட்டபோது, மேலாளர் வேறு வழியில்லாமல் அவளிடம் ஒரு வாரத்துக்குப் பார்க்கச் சொன்னார். அந்த ஒரு வாரம் பதினோரு வருஷமாக நீண்டது. அவள் போடும் விலைக்கும் ஏலத்தில் போகும் விலைக்கும் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் வித்தியாசம் வராது. இதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. பட்டம் வாங்கியவர்கள் போட்ட விலையெல்லாம் நூற்றுக்குப் பதினைந்து, இருபது என்று சறுக்கியிருக்கிறது. மற்ற கம்பெனிக்காரர்கள்கூட ஏலத்தில் ஒரு வண்டியின் முன்னால் நின்று, "இது சுத்தியல் போட்டதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையைத் தூக்குவார்கள்.

ஒரே ஒரு தடவை தவறினாள். மதிப்பீட்டு வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம், மழைநாள், தரையெல்லாம் சேறு. பின்பக்கச் சட்டத்தில் ஒரு சாண் தட்டாமல் விட்டுவிட்டாள். அந்த வண்டியை ஏலத்தில் எடுத்தவர் ஜல்லி ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஏறியபோது, வண்டி நடுவில் மடிந்து உட்கார்ந்துவிட்டது. உயிர் பிழைத்தார். மூன்று மாதம் கழித்து ஊன்றுகோலோடு திடலுக்கு வந்தார். சண்டை போடவில்லை. இன்னொரு வண்டியைக் காட்டி, எந்த இடத்தில் தட்டிப் பார்ப்பீர்கள் என்று கேட்டார். அவள் காட்டினாள். சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பாள்.

அவளுக்கு ஒரே அண்ணன். ஆறு வயது மூத்தவர். சொந்தமாக ஒரு லாரி வைத்து ஓட்டுகிறவர். இரண்டாவது வண்டி வாங்கப் போகிறேன் என்று பதினாலு வருஷமாகச் சொல்லி, வாங்காமலே இருந்ததால் லாரிக்காரர்கள் நடுவில் அவர் பெயர் ஒத்தவண்டி. ஒரு பெரிய கிடங்கிலிருந்து கடைகளுக்குச் சரக்கு எடுத்துப்போவது அவர் தொழில். பதினோரு வருஷமாக ஒரே கிடங்கு, ஒரே வாசல். அந்த வாசலில்தான் இப்போது கை வைத்தார்கள். பதினைந்து வயது தாண்டிய வண்டிகளுக்கு அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து உள்ளே அனுமதி கிடையாது என்று ஒரு தாளை ஒட்டினார்கள். அண்ணன் வண்டிக்குப் பதினைந்து முடிய இருபது நாள்தான் பாக்கி. புது வண்டி வந்தால் தொழில் உண்டு; வராவிட்டால் அந்த வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. ஒரே வாரத்தில் இரண்டு கம்பெனிகளுக்கு வண்டியை ஓட்டிப்போய்க் காட்டி, விலைத்தாள் வாங்கி வந்துவிட்டார். தங்கை வேலை செய்யும் இடத்தின் விலைத்தாளை அவளே கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அண்ணன் வீட்டுச் சமையலறை மேசையில் மூன்று தாளையும் வரிசையாக வைத்து, பறக்காமல் இருக்க உப்பு டப்பாவையும் டம்ளரையும் மேலே வைத்தார்கள். அண்ணி அடுப்பிலிருந்து ஒரு கண், தாளில் ஒரு கண்ணாக நின்றாள்.

முதல் கம்பெனி அண்ணனின் பழைய வண்டிக்கு நாற்பத்தோராயிரம் ரிங்கிட் போட்டிருந்தது. இரண்டாவது முப்பத்து நாலாயிரம். அண்ணன் முதல் தாளைத்தான் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தார். நாலு பேர் முன்னால் அவர் வண்டியை மதித்துவிட்டார்கள் என்ற பூரிப்பு முகத்தில் தெரிந்தது. தங்கை அந்த எண்ணின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தாள்.

"பழசுக்கு எவ்ளோ தர்றான்னு பாக்காதண்ணா. அவன் இந்தப் பையிலேர்ந்து எடுத்து அந்தப் பையில போடுறான். கடைசியில உன் கையை விட்டு எவ்ளோ போகுது, அதை மட்டும் பாரு."

பிறகு பொறுமையாகப் போட்டுக் காட்டினாள். அதே வண்டி, அதே எஞ்சின், அதே நீளம். அவள் இடத்தில் தள்ளுபடி போக ஒரு லட்சத்து இருபதாயிரம். முதல் கம்பெனியில் ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம். எட்டாயிரத்தை மேலே ஏற்றிவைத்துவிட்டு, முப்பத்தாறு பெறுகிற வண்டிக்கு நாற்பத்தொன்று போட்டு, அதில் ஐந்தைப் பழைய வண்டியின் விலை என்று திருப்பித் தருகிறார்கள். அதை வாங்கிக்கொண்டு அண்ணன் நன்றி வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். "இவருக்கு யாராவது தோளைத் தட்டினா சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு வந்துடுவாரு."

முதல் கம்பெனிக்கு எண்பத்தேழாயிரம் கட்ட வேண்டும். இரண்டாவதற்கு எண்பத்தெட்டாயிரம். அண்ணனின் வயதையும் ஒற்றை வண்டியையும் பார்த்து வங்கி எழுபதாயிரத்துக்கு மேல் ஒரு காசு தராது என்று சொல்லிவிட்டது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது பதினேழாயிரம். ஆக மொத்தம் எண்பத்தேழுதான் எல்லை. தங்கைக்கு அந்த வண்டியைத் தெரியும். அண்ணன் அதை எப்படி வைத்திருப்பார் என்றும் தெரியும். எப்படியும் முப்பத்தாறாயிரம் பெறும் என்று கணக்குப் போட்டுவைத்திருந்தாள். அவள் இடத்தில் வாங்கினால் எண்பத்து நாலாயிரத்தில் முடியும். மூவாயிரம் கையில் மிஞ்சும். தார்ப்பாயும் காப்பீடும் அதில் அடங்கிவிடும்.

முதல் தாளின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருந்தது. பழைய வண்டியின் விலை, ஒப்படைக்கும் நாளில் செய்யப்படும் இறுதிப் பரிசோதனைக்கு உட்பட்டது. இதுதான் உண்மையான விலை, மேலே இருப்பது வெறும் படம் என்றாள். எல்லாத் தாளிலும் இப்படித்தான் போடுவார்கள் என்றார் அண்ணன். செவ்வாய்க்கிழமை வண்டியைக் கொண்டுவா, நானே பார்க்கிறேன் என்றாள். அவர் கொஞ்சம் தயங்கினார். தங்கை அண்ணனுக்கு அள்ளிக் கொடுத்தாள் என்று நாலு பேர் பேசுவார்கள், உனக்கு எதற்கு அந்தப் பழி என்றார். அந்தத் தயக்கத்தை அவள் ரோஷம் என்று நினைத்தாள். மேலாளரிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, எதையும் மறைக்கவில்லை என்றாள். சொந்தத் தங்கை இருக்கும்போது எவனிடமோ ஏன் போய் நிற்க வேண்டும் என்று அண்ணியும் பிடித்துக்கொண்டாள். அவர் எழுந்து போய்க் கை கழுவினார். சற்று முன்புதான் கழுவிய கை.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வண்டி திடலுக்கு வந்தது. கழுவித் துடைத்து, கண்ணாடியில் முகம் பார்க்கலாம் போல இருந்தது. முதலில் ஓட்டிப் பார்த்தாள். எஞ்சின் சத்தம் சீராக இருந்தது. பிரேக் பிடித்தது. டயர்கள் எல்லாம் சமமாகத் தேய்ந்திருந்தன; அதிலேயே ஓட்டுகிறவரின் கை தெரிந்தது. கழுவுகிறவன் எட்டிப் பார்த்து, அக்கா, அண்ணன் வண்டிக்கும் அட்டை விரிக்கணுமா என்று கேலி செய்தான். அண்ணன் வண்டிக்கு இரண்டு அட்டை என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தாள்.

நுழைந்ததுமே மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. பெயிண்ட் வாசனை. டார்ச்சைத் திருப்பினாள். பதினைந்து வருஷ மண்ணும் எண்ணெயும் அப்பிக் கிடக்க வேண்டிய இரும்பு, புதுச் செருப்பு மாதிரி கறுப்பாகப் பளபளத்தது. விரலை வைத்தாள், ஒட்டியது. லாரியின் அடிப்பக்கத்துக்கு யாரும் அழகுக்காகப் பெயிண்ட் அடிப்பதில்லை. அங்கே புதுக் கறுப்பைப் பார்த்தால் தொழில் தெரிந்தவனுக்கு ஒரே அர்த்தம்தான்.

தட்டிக்கொண்டே போனாள். கணீர், கணீர், கணீர். கேபினுக்குப் பின்னால் இடதுபக்கச் சட்டத்தில் சத்தம் அமுங்கியது. திரும்பத் தட்டினாள். பெயிண்டை நகத்தால் சுரண்டினாள். சட்டத்தின் மேல் இரண்டு முழம் நீளத்துக்கு ஒரு தகடு வைத்து, சுற்றிலும் வெல்டிங் ஓடியிருந்தது. வலதுபக்கமும் அதே மாதிரி. விரிசல் விட்ட சேசிஸ். ஒட்டுப்போட்ட முதுகெலும்பு. படுத்தபடியே தலையைத் திருப்பினாள். அட்டைக்கு அப்பால் அண்ணனின் இரண்டு செருப்பும் தெரிந்தன. அவை இங்குமங்கும் நகராமல் ஒரே இடத்தில் நின்றன.

வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே எப்போது நடந்தது என்று கேட்டாள். அவர் என்ன எப்போது என்று இழுத்துப் பார்த்தார். அண்ணா என்று மட்டும் சொன்னாள். ஐந்து வருஷம் ஆகிறது என்றார். அதிகச் சுமையோடு போய் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது விட்டுக்கொண்டது. தெரிந்த வெல்டரிடம் போட்டுக்கொண்டார். அண்ணிக்குக்கூடத் தெரியாது. தங்கையிடம் சொன்னால் அவள் ராத்திரியெல்லாம் தூங்க மாட்டாள் என்று சொல்லவில்லை. பெயிண்ட்? அதற்கு அவர் சொன்ன பதில்தான் அவளை அசைத்தது. துருவைப் பார்த்தாலே விலை இறங்கிவிடும், ஒரு டப்பா பெயிண்ட் அடித்துக்கொண்டு வரக்கூடாதா இவர்கள் என்று எப்போதோ சாப்பிடும்போது அவளே சொன்னாளாம். அவள் சொன்னது கேபின் கதவுகளை. அவர் திங்கட்கிழமை முழுக்கப் படுத்துக்கொண்டு அடியில் அடித்திருக்கிறார். சும்மா விட்டிருந்தாலாவது மறைக்கப் பார்த்தார் என்ற பேர் வந்திருக்காது.

"முப்பத்தாறு போடு, பாப்பா" என்றார் அண்ணன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல."

அது உண்மைதான். அவர் யாரிடமும் எதுவும் கேட்டவரில்லை. அவள் தாளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். மேலாளர் எட்டிப் பார்த்து, கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பார்த்துக்கொள்ளலாம், உங்கள் அண்ணன்தானே என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். தடுக்க ஆளில்லாததுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. யாராவது கூடாது என்று சொல்லியிருந்தால் அவர் மேல் பழியைப் போட்டிருக்கலாம். இந்த வண்டி ஏலத்துக்குப் போகும். இது சுத்தியல் போட்டதா என்று எவனோ கேட்பான். ஆமாம் என்பார்கள். அவன் நம்பி எடுத்து, அதில் ஜல்லி ஏற்றுவான். அரைமணி நேரம் கழித்து, தாளில் பத்தொன்பதாயிரம் என்று எழுதினாள். எண்ணிலும் எழுத்திலும்.

அண்ணன் அதை வாங்கிப் பார்த்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சரிம்மா என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு பத்து நாள் பேச்சில்லை. அவள் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அண்ணிதான் ஒருநாள் எடுத்து, முதல் கம்பெனியில் இரண்டாயிரம் முன்பணம் கட்டியாகிவிட்டது, வருகிற வெள்ளிக்கிழமை வண்டி தருகிறார்கள் என்றாள். அவர்கள் அன்றைக்குத்தான் அடியில் படுத்துப் பார்ப்பார்கள் என்று தங்கை பதறினாள். முதல் நாள் அந்த மதிப்பீட்டாளர் குனியாமல் நாற்பத்தொன்று போட்டது பழைய வண்டியைப் பார்த்து இல்லை, அண்ணனைப் பார்த்து. வெள்ளிக்கிழமை பழைய பத்திரங்களையெல்லாம் கையில் வாங்கிக்கொண்ட பிறகு குனிவார்கள். தேதி கழுத்தை நெரிக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும்.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அவங்களாவது ஒரு நாள் சந்தோஷப்படுத்தினாங்க" என்றாள். "உனக்கு உன் சுத்தியல்தான் பெருசு. இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. கொஞ்சம் வந்துட்டுப் போறியா என்று மட்டும் கேட்டார். அவள் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, சுத்தியலையும் டார்ச்சையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள்.

அந்தக் கம்பெனி பெரிய கம்பெனி. கண்ணாடிக் கதவு, பளிங்குத் தரை. நடுவில் புது வண்டி நின்றது. இருக்கைகளில் இன்னும் பிளாஸ்டிக் உறை. அண்ணன் அதன் பக்கத்தில் நிற்காமல், ஓரமாக ஒரு நாற்காலியில் முழங்காலில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். வெளுத்த சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தார். அவர்களுடைய மதிப்பீட்டாளர் அவளுக்குத் தெரிந்தவர்தான். ஏலத்தில் எப்போதும் கறுப்புக் கண்ணாடியோடு வருவதால் கண்ணாடிக்காரர் என்பார்கள். இன்று காலை அவர் அடியில் படுத்திருக்கிறார். நாற்பத்தொன்றைப் பன்னிரண்டாக்கிவிட்டார்.

பன்னிரண்டு அநியாயம் என்று அவளுக்குக் கேட்டதுமே தெரிந்தது. நேரே வெளியே போய், அவர்கள் கொட்டகையில் அட்டையை விரித்துப் படுத்தாள். கண்ணாடிக்காரரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் படுக்கச் சொன்னாள். தகடு இரண்டு பக்கமும் சமமாகப் போட்டிருக்கிறது. சட்டத்தின் கீழ் விளிம்பில் வெல்டிங் படவில்லை, போட்டவன் தொழில் தெரிந்தவன். அச்சு கோணவில்லை, டயர் தேய்மானமே அதற்குச் சாட்சி. எஞ்சின் வேலை போன வருஷம் செய்தது, ரசீது இருக்கிறது. குறைந்த சுமைக்கு, பக்கத்து ஊர் ஓட்டத்துக்கு இன்னும் ஆறு வருஷம் தாங்கும். ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் காட்டினாள். கண்ணாடிக்காரர் வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தார். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, சுற்றி நின்ற எல்லோரும் கேட்கவே சொன்னார்.

"அக்கா, நான் உங்ககூட வழக்காட வரல. நீங்களே ஒரு நம்பர் சொல்லுங்க. அதையே எழுதிடுறேன். நீங்க சொன்னதுன்னா எங்க மேனேஜர் மறுபேச்சுப் பேசமாட்டார்."

அவர் மரியாதைக்குத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு அங்கே எல்லோர் நடுவிலும் விழுந்து கிடந்தது. அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து வாசல்வரை வந்துவிட்டார். நாற்பத்தொன்று என்று அவள் வாய் திறந்தால் போதும். சாவி கைக்கு வரும். ஒன்றாம் தேதி வாசல் திறக்கும். பதினோரு வருஷம் மண்ணில் படுத்துச் சேர்த்த பெயர் அது. அதற்கு அன்றைக்கு இருபத்திரண்டாயிரம் விலை என்று அவளுக்குக் கணக்காகவே தெரிந்தது. அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சவில்லை. இந்தத் தடவை கேட்கவுமில்லை.

"பத்தொன்பது" என்றாள்.

கண்ணாடிக்காரர் ஒரு நொடி தாமதித்து, அவளுக்கு இன்னொரு சந்தர்ப்பம் கொடுப்பதுபோல, "பத்தொன்பதா?" என்றார். ஆமாம் என்றாள். எழுதிக்கொண்டார்.

மிச்சம் சுருக்கமாக முடிந்தது. கட்ட வேண்டியது ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் ஆகிவிட்டது. வங்கிக்காரர் தொலைபேசியில் முடியாது என்பதையே மூன்று விதமாகச் சொன்னார். அவள் இடத்தில் வாங்கினாலும் பதினாலாயிரம் துண்டு விழும். அவளுடைய சேமிப்பும் அச்சகத்தில் வேலை பார்க்கும் அவள் வீட்டுக்காரர் சேமிப்பும் சேர்த்தாலும் ஐந்தைத் தாண்டாது. அதைத் தருகிறேன் என்று அங்கேயே சொன்னாள். அண்ணன் வேண்டாம் என்று கையை மட்டும் காட்டினார். மீதி ஒன்பதுக்கு வட்டிக்காரனிடம் போய், மாதா மாதம் வங்கிக்கு ஒரு தவணை, அவனுக்கு ஒரு தவணை என்று ஓட்ட இந்த வயதில் தெம்பில்லை என்றார். முன்பணத்தைக் கண்ணாடிக்காரர் தானே உள்ளே போய்ப் பேசித் திருப்பி வாங்கிக் கொடுத்தார். விதிப்படி அது திரும்ப வராது. அதுவும் அவளுக்காகத்தான் என்றார்.

இரண்டு பேரும் பழைய வண்டியிலேயே திரும்பினார்கள். வழி நெடுக அண்ணன் எப்போதும்போல் நிதானமாக ஓட்டினார். பள்ளம் வந்தால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தார். ஒரு சிக்னலில் நின்றபோது, முன்னால் பார்த்தபடியே பேசினார்.

"பன்னெண்டைப் பத்தொன்பதாக்கிட்ட. ஏழாயிரம் ஏத்திக் குடுத்திருக்க. கையில காசு வந்திருந்தா நீ கெட்டிக்காரின்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்." பிறகு, "அந்தக் கண்ணாடிக்காரன் எந்திரிச்சு நின்னு பேசினான் பாத்தியா, உன்கிட்ட?" என்றார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பச்சை விழுந்தது.

ஒன்றாம் தேதிக்கு மூன்று நாள் முன்னால் அண்ணன் வண்டியைத் திடலுக்குக் கொண்டுவந்தார். இனி வாசலில் விடமாட்டார்கள். தெருவில் நிறுத்தி வைத்தால் நாளுக்கு நாள் விலைதான் இறங்கும். புது வண்டி எதுவும் வாங்காமல், பழையதை மட்டும் விற்க. மேலாளர் பத்தொன்பதுக்குச் சம்மதித்தார். அண்ணிக்கு இன்னும் கோபம் ஆறவில்லை; அவள் கூட வரவில்லை.

சும்மா விற்கிற வண்டிக்கு ஒரு தனித்தாள் உண்டு. தெரிந்த குறைகள் என்று அதில் ஒரு கட்டம். அந்தத் தாளை முன்கண்ணாடியில் ஒட்டித்தான் ஏலத்துக்கு அனுப்புவார்கள். அவள் தன் அறையில் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து எழுதினாள். சேசிஸ், இருபுறமும், தகடு வைத்து வெல்டிங். கீழே அண்மையில் பெயிண்ட் அடிக்கப்பட்டது. எழுதிவிட்டு, கையெழுத்துக்காகத் தாளை அவர் பக்கம் திருப்பினாள்.

அண்ணன் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பேனாவை எடுக்கவில்லை.

"மூணாவது கியரை விட்டுட்டியே."

அவளுக்குப் புரியவில்லை. ஓட்டிப் பார்த்தேனே, நன்றாகத்தானே விழுந்தது என்றாள்.

"நீ பதினொரு மணிக்கு ஓட்டின. காலையில அஞ்சு மணிக்கு, எஞ்சின் குளுந்து கிடக்கும்போது, ஒரு தடவை நழுவும். ஒரே ஒரு தடவைதான். பாலம் ஏறும்போது நழுவிச்சுன்னா புதுசா ஓட்டுறவன் பயந்துடுவான். அதையும் எழுது."

அவள் பேனாவைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள். அது யாரும் கண்டுபிடித்திருக்க முடியாத குறை. ஏலத்தில் வாங்குகிறவன் பல மாதம் கழித்துத் தெரிந்துகொண்டு, வண்டி பழசாகிவிட்டது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வான்.

"எவ்ளோ குறையும்?" என்று கேட்டார்.

எண்ணூறு என்றாள்.

"குறைச்சுக்க."

மூன்றாவது கியர், குளிரில் ஒருமுறை நழுவும் என்று எழுதினாள். பத்தொன்பதாயிரத்தை அடித்துவிட்டுப் பதினெட்டாயிரத்து இருநூறு என்று மேலே எழுதினாள். அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் சுருக்கக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் அவளுடைய கையெழுத்துக்குக் கீழே, இடம் பார்த்து, மெதுவாகப் போட்டார்.

பிறகு கேபினில் ஏறித் துண்டையும், தண்ணீர்க் கேனையும், இருக்கைக்கு அடியில் கிடந்த ஒரு ஜோடி கையுறையையும் எடுத்துக்கொண்டார். அதே கிடங்குக்கு ஓடும் இன்னொருவருடைய வண்டியில் டிரைவராகச் சேர்ந்திருந்தார். மாதச் சம்பளம். புது வண்டி, பவர் ஸ்டியரிங் என்றார். நாளைக்குக் காலை ஐந்தரைக்கு வாசலில் இருக்க வேண்டும். சொந்த வண்டியென்றால் ஆறு மணிக்குப் போனாலும் கேட்க ஆளில்லை.

பஸ் நிறுத்தம்வரை வருகிறேன் என்றாள். வேண்டாம், உனக்கு அடுத்த வண்டி காத்திருக்கிறது என்று திடலைக் காட்டினார். நிஜமாகவே ஒன்று நின்றது. அதன் சொந்தக்காரர் வண்டியை ஒருமுறையும் அவளை ஒருமுறையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கேனைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்த ஆளைத் தாண்டிப் போகும்போது ஒரு நொடி நின்றார்.

"எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிடுங்க" என்றார் அவரிடம். "அது எப்படியும் கண்டுபிடிச்சிடும். என் தங்கச்சி."

வாசலைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அட்டையை எடுத்து அடுத்த வண்டிக்கு அடியில் விரித்தாள்.